சின்ன ரிம், உயரமான டயர்: செட்டிநாட்டுச் சாலைகளுக்கு வீல் மாற்ற நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

திருமயத்திலிருந்து காரைக்குடி வழியாகத் தேவகோட்டை வரை பெருஞ்சாலையிலேயே போவதென்றால் எந்த வீலும் போதும். ஊருக்குள் திரும்பியதும்தான் சோதனை ஆரம்பிக்கிறது. கண்மாய்க் கரையை ஒட்டிய ஒற்றைத் தார்ச்சாலை, குழாய் பதிக்கத் தோண்டி மண்ணை மட்டும் தள்ளி மூடிய தெரு, மழைக்குப் பிறகு வண்டித்தடம் விழுந்த செம்மண் பாதை என்று ஒவ்வொன்றும் உடம்பைப் பதம் பார்க்கும். ஷோரூமில் கண்ணைப் பறித்த 16, 17 அங்குல அலாய் வீல், இங்கே பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் அப்பத்தாவின் இடுப்பை உலுக்குகிறது. ரிம்மை ஒரு அளவு குறைத்து, டயரின் உயரத்தைக் கூட்டுவது இதற்கு நல்ல தீர்வு. ஆனால் அளவு தெரிந்து செய்ய வேண்டும்.

வீல் மாற்றுவதற்கு முன்னால் வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

ஆம். காற்று. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் முன்னுக்கும் பின்னுக்கும், ஆள் குறைவாக இருக்கும்போதும் நிறைய இருக்கும்போதும் காற்றழுத்தம் எத்தனை பி.எஸ்.ஐ. என்று போட்டிருக்கும். பல கார்களுக்கு அது 30 முதல் 35-க்குள் இருக்கும். வழியில் காற்றுப் பிடிக்கும்போது "எல்லாத்துக்கும் 38 வைங்க" என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் உண்டு. 33 வேண்டிய இடத்தில் 38 வைத்தால் டயர் கல்லாகிவிடும். ரிம்மை மாற்றிக் கிடைக்கிற மென்மையில் பெரும் பங்கு இப்படியே போய்விடும்.

காலையில் கார் நகர்வதற்கு முன் பாருங்கள். டயரின் வெப்பம் 10 டிகிரி ஏறினால் காற்றழுத்தம் ஒன்றரையிலிருந்து 2 பி.எஸ்.ஐ. வரை கூடும். சித்திரை வெயிலில் மதுரை போய்வந்த கையோடு அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும். கூடியிருக்கிறதே என்று அப்போது காற்றை இறக்கிவிடாதீர்கள், மறுநாள் காலையில் குறைந்துபோய் நிற்கும். சொந்தமாக ஒரு டிஜிட்டல் கேஜ் வாங்கி டாஷ்போர்டில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது சஸ்பென்ஷன். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா, சின்னக் குழியிலேயே "டக் டக்" என்று லிங்க் ராடு சத்தம் போடுகிறதா, லோயர் ஆர்ம் புஷ் வெடித்திருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டுங்கள். இவை போயிருந்தால் எந்த டயரைப் போட்டாலும் குலுக்கல் நிற்காது. இரண்டும் சரியாக இருந்து, அப்படியும் குலுங்கினால் மேற்கொண்டு படியுங்கள்.

ரிம் சின்னதானால் பயணம் எப்படி மென்மையாகும்?

குழியின் விளிம்பு முதலில் இடிப்பது டயரில்தான். உள்ளே இருக்கும் காற்றும், ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே நிற்கும் ரப்பர் சுவரும் சேர்ந்து ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கின்றன. கடைக்காரர்கள் அந்தச் சுவரை சைடுவால் என்பார்கள். அது உயரமாக இருந்தால் அமுங்க இடம் அதிகம். அடி சஸ்பென்ஷனுக்குப் போவதற்கு முன்பே ஓரளவு தணிந்துவிடும். ஜல்லி பெயர்ந்த சாலையில் வரும் சிறு சிறு அதிர்வை ஷாக் அப்சார்பரைவிட டயர்தான் அதிகம் விழுங்குகிறது.

இன்னொரு காரணம் எடை. வீல், டயர், பிரேக் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குபவை. அவை கனமாக இருந்தால் குழியில் விழுந்து எழும்போது சஸ்பென்ஷனால் சட்டென்று அடக்க முடியாது. சின்ன ரிம் பெரும்பாலும் எடை குறைவு, ஆனால் எப்போதும் இல்லை. மலிவான ஸ்டீல் ரிம் சில சமயம் பெரிய அலாயின் எடைக்கே வந்துவிடும். வாங்கும் முன் பழையதையும் புதியதையும் மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

டயரில் எழுதியிருக்கும் எண்களை எப்படிப் படிப்பது?

185/65 ஆர்15 என்று இருந்தால், 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது சைடுவாலின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

கணக்கு எளிது. 185-ல் 65 சதவீதம் 120.25 மி.மீ. மேலும் கீழும் இரண்டு சைடுவால், ஆக 240.5. ரிம் 15 × 25.4 = 381. மொத்த விட்டம் 621.5 மி.மீ.

இப்போது 165/80 ஆர்14 எடுத்துக்கொள்ளுங்கள். சைடுவால் 132. இரண்டுக்கும் 264. ரிம் 355.6. மொத்தம் 619.6. இரண்டு டயரையும் அருகருகே நிறுத்தினால் உயர வித்தியாசம் 2 மி.மீ.கூட இல்லை, ஆனால் சைடுவால் 12 மி.மீ. கூடிவிட்டது. மாருதி ஸ்விஃப்டின் கீழ் வேரியன்ட்டுக்கும் மேல் வேரியன்ட்டுக்கும் கம்பெனியே கொடுக்கும் இரண்டு அளவுகள் இவை.

பலேனோவில் 195/55 ஆர்16-க்குப் பதில் 185/65 ஆர்15 போட்டால் சைடுவால் 107-லிருந்து 120 ஆகிறது. இன்னோவா கிரிஸ்டாவின் 215/55 ஆர்17-ஐ எடுத்துவிட்டு 205/65 ஆர்16 போட்டால் 118-லிருந்து 133. செடான்களில் அதிகம் காணும் 205/55 ஆர்16-க்கு 195/65 ஆர்15 ஜோடி, கூடுவது 14 மி.மீ. மூன்றிலும் மொத்த விட்டம் மாறுவது ஒரு சதவீதத்துக்கும் கீழேதான்.

அகலம், சதவீதம் இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு கடைசி எண்ணை மட்டும் குறைத்தால்?

அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். 185/65 ஆர்15-ஐ எடுத்துவிட்டு 185/65 ஆர்14 போடுகிறார்கள். சைடுவால் அதே 120 மி.மீ. அதனால் அமுங்க ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை. மொத்த விட்டமோ 25 மி.மீ. குறைந்து, காரின் அடிப்பாகம் 12 மி.மீ. கீழே வந்துவிடும். பழைய வீடுகளில் தெருவிலிருந்து முகப்புக்கு ஏறும் சரிவில் வயிறு தட்டும். வட்டம் சின்னதானதால் குழியில் இன்னும் ஆழமாக விழும். ஸ்பீடோமீட்டர் உண்மையைவிட 4 சதவீதம் கூடுதலாக ஓடும், கிலோமீட்டரும் அதே அளவு வேகமாக ஏறும்.

ரிம் குறையும்போது சதவீதம் ஏற வேண்டும். மொத்த விட்டம் பழைய அளவிலிருந்து 1 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 2-ஐத் தாண்டினால் அந்த அளவை விட்டுவிடுங்கள்.

என் காருக்கு எந்தச் சின்ன ரிம் பொருந்தும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பாருங்கள். அலாய் வீலோடு வரும் பல கார்களில் ஸ்டெப்னி ஒரு அளவு சின்ன ஸ்டீல் வீலாக இருக்கும். உங்கள் காரில் அப்படி இருந்தால், பொருந்தும் அளவை கம்பெனியே காட்டிக்கொடுத்துவிட்டது. "80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாதே" என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய தற்காலிக ஸ்டெப்னியை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள்.

ஓனர் மேனுவலில் கீழ் வேரியன்ட்டின் டயர் அளவும் இருக்கும். ஆனால் ஒரே பெயரில் வந்தாலும் டீசல் வண்டிக்கும் டர்போ வண்டிக்கும் முன் பிரேக் டிஸ்க் பெரிதாக இருக்கலாம். உங்கள் எஞ்சினும் உங்கள் வருட மாடலும் உள்ள கீழ் வேரியன்ட்டோடுதான் ஒப்பிட வேண்டும்.

பிறகு நான்கு அளவுகள். போல்ட் வட்டத்தைக் கடையில் பி.சி.டி. என்பார்கள். ஸ்விஃப்ட், பலேனோவுக்கு 4×100, அதாவது 100 மி.மீ. வட்டத்தில் நான்கு போல்ட். கிரெட்டா, கிரிஸ்டாவுக்கு 5×114.3. இது துல்லியமாக ஒத்துப்போக வேண்டும். நடு ஓட்டை, காரில் வீலைத் தாங்கும் ஹப்பின் மேல் இறுக்கமாக உட்கார வேண்டும். ஸ்விஃப்டின் ஹப் 54.1 மி.மீ. வெளிக்கம்பெனி அலாயில் ஓட்டை பெரிதாக இருந்தால் இடைவெளியை அடைக்க ஹப் ரிங் போட வேண்டும், இல்லாவிட்டால் 80, 90-ல் ஸ்டியரிங் நடுங்கும். பேலன்சிங் எத்தனை முறை செய்தாலும் அந்த நடுக்கம் போகாது. ரிம்மின் உள்ளே "இ.டி." என்று பொறித்திருக்கும் ஆஃப்செட் எண், வீல் எவ்வளவு உள்ளே தள்ளி உட்காரும் என்பதைக் காட்டுவது; அது பழையதிலிருந்து 5-க்கு மேல் மாறக் கூடாது. எண் 10 குறைந்தால் வீல் 10 மி.மீ. வெளியே தள்ளும், வீல் பேரிங் சீக்கிரம் ஊளையிடத் தொடங்கும். ரிம்மின் அகலம், 5ஜே, 5.5ஜே, 6ஜே என்பது, டயருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 165/80-க்கு 5ஜே, 185/65-க்கு 5.5ஜே, 195/65-க்கு 6ஜே என்று கேளுங்கள்.

பிரேக் தட்டுமா என்று எப்படிச் சோதிப்பது?

ஒரு கைப்பிடி மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து எடுத்துப் போங்கள். முன் வீலைக் கழற்றியதும், பிரேக் காலிப்பரின் புடைப்பான இடத்தில் இரண்டு மூன்று உருண்டைகளைச் சுண்டுவிரல் கனத்துக்கு ஒட்டுங்கள். டயர் மாட்டாத வெறும் ரிம்மைப் போட்டு எல்லா நட்டையும் கையால் இறுக்கி, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுங்கள். கழற்றிப் பார்த்தால், நசுங்கியது போக மிஞ்சிய மாவின் கனம் எவ்வளவோ அவ்வளவுதான் இடைவெளி. 3 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் வேண்டாம். சூட்டில் உலோகம் விரியும், ரிம்முக்கும் காலிப்பருக்கும் நடுவே சின்னக் கல் ஒன்று சிக்கினாலே ரிம்மில் கோடு விழும். உள்ளே ஒட்டும் பேலன்ஸ் ஈயத்துக்கும் அந்த இடைவெளியில்தான் இடம் வேண்டும்.

மாவைத் துடைத்துவிட்டு, டயரோடு மாட்டி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். உள் ஃபெண்டரிலோ லோயர் ஆர்மிலோ உரசக் கூடாது.

ஸ்டீல் ரிம்மா, அலாயா?

கிராமத்துச் சாலைதான் அதிகம் என்றால் ஸ்டீல். குழியில் அடிபட்டால் ஸ்டீல் வளையும், தட்டி நிமிர்த்தலாம், இல்லையென்றால் குறைந்த விலையில் புதிது வாங்கலாம். அலாய் விரிசல் விடும். விரிசல் விட்ட அலாயை வெல்டிங் வைத்து ஓட்டுவது ஆபத்து. ஸ்டீலில் கவனிக்க வேண்டியது துரு. டயரின் விளிம்பு உட்காரும் இடத்தில் துரு ஏறினால் டியூப்லெஸ் டயரில் காற்று மெல்ல மெல்ல இறங்கும். பஞ்சர் கடையில் "டியூப் போட்டுவிடுங்கள்" என்பார்கள். போடாதீர்கள். டியூப்லெஸ் டயருக்குள் டியூப் உரசிச் சூடாகும், வெடித்தால் காற்று மொத்தமாகப் போய்விடும். துருவைக் கம்பி பிரஷால் தேய்த்துப் பெயின்ட் அடித்து மறுபடி மாட்டினால் போதும்.

பழைய நட்டையே போடலாமா?

ரிம்மைப் பொறுத்தது. நட்டின் அடிப்பக்கம் கூம்பா, உருண்டையா, தட்டை வாஷரா என்று பாருங்கள். ரிம் ஓட்டையும் அதே வடிவில் இருக்க வேண்டும். ஹோண்டாவின் ஒரிஜினல் ரிம்முக்கு உருண்டை நட், வெளிக்கம்பெனி ரிம்முக்குப் பெரும்பாலும் கூம்பு. டொயோட்டாவின் பல அலாய்களுக்குத் தட்டை வாஷர் நட், ஸ்டீலுக்குக் கூம்பு. மாற்றிப் போட்டால் இறுகின மாதிரித் தெரிந்து, ஓடும்போது தளரும்.

ஏர் கன்னால் மட்டும் இறுக்கிவிட்டு அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சின்னக் கார்களுக்குப் பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். சரியான எண் மேனுவலில் இருக்கும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் எதிரெதிர் நட்டாக இறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

டயர் எடை தாங்குமா? விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டி போனால் ஆளும் சாமானுமாக நிறைந்துவிடுகிறதே?

அளவுக்குப் பக்கத்தில் 88 எஸ், 85 டி என்று இருக்கும். எண் எடை தாங்கும் திறன், எழுத்து வேகம். 82 என்றால் ஒரு டயருக்கு 475 கிலோ, 85 என்றால் 515, 88 என்றால் 560, 91 என்றால் 615, 95 என்றால் 690. எஸ் 180 கி.மீ. வேகம் வரை, டி 190, எச் 210.

உங்கள் பழைய டயரில் உள்ள எண்ணுக்குக் குறையாமல் வாங்குங்கள். கம்பெனியே அந்தக் காரின் கீழ் வேரியன்ட்டுக்குக் குறைந்த எண்ணைக் கொடுத்திருந்தால் அதுவரை இறங்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். மின்சாரக் கார்கள் பேட்டரியால் கனம் கூடியவை, அவற்றில் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. "எக்ஸ்.எல்." என்று எழுதியிருப்பது எடை தாங்குவதற்காகச் சுவரைத் தடிப்பாக்கிய டயர். கம்பெனி அதைக் கேட்காத காரில் மென்மைக்காக வீல் மாற்றும்போது அது தேவையில்லை, நீங்கள் குறைக்க நினைத்த இறுக்கத்தையே திரும்பக் கொண்டுவரும்.

புதிய டயருக்குக் காற்று எத்தனை?

கதவு ஸ்டிக்கரில் அந்த அளவு இருந்தால் அதே எண். இல்லையென்றால் பழைய அழுத்தத்தில் தொடங்குங்கள், அதற்குக் கீழே இறக்காதீர்கள். மென்மை இன்னும் கூடட்டும் என்று 26, 27-க்கு இறக்குவோர் உண்டு. அப்படிச் செய்தால் டயரின் இரு ஓரமும் தேயும், சைடுவால் சூடேறும், குழியில் ரிம்மே தரையைத் தொடும்.

டயர் பக்கவாட்டில் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருக்கிறது. ஓட்டலாமா?

கூடாது. குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே சைடுவால் நசுங்கி, உள்ளே இருக்கும் நூல் அறுந்துவிட்டது. காற்றை இப்போது வெறும் ரப்பர் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு ஒட்டுப் போட வழியே இல்லை, டயரை மாற்றத்தான் வேண்டும். 50, 55 சதவீத டயர்களில் இது அடிக்கடி வருவதற்குக் காரணமும் சுவர் குட்டையாக இருப்பதுதான்.

ஓட்டும் பழக்கமும் இதில் உண்டு. குழி தவிர்க்க முடியாது என்று தெரிந்தால் முன்னாடியே வேகத்தைக் குறைத்து, வீல் இறங்கும் நொடியில் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். பிரேக் பிடித்தபடி விழுந்தால் முன் சஸ்பென்ஷன் ஏற்கெனவே அமுங்கிக் கிடக்கும், முழு அடியும் டயருக்குத்தான்.

சீமைக்கருவேல முள் இந்த டயரில் அதிகம் ஏறுமா?

சைடுவால் உயரமாக இருக்கிறது என்பதற்காகவே முள் அதிகம் ஏறிவிடாது. ஆனால் வேலி வெட்டிப் போட்ட பாதையோரம் ஒதுங்கும்போது சுவரில் முள் குத்த வாய்ப்புண்டு. சாலையில் படும் பட்டையில் குத்தினால் ஒட்டலாம், சுவரில் குத்தினால் ஒட்ட முடியாது. எதிரே வண்டி வந்தால் வேலிப் பக்கம் ஏறாமல் நின்று வழிவிடுங்கள். காய்ந்த முள் டயருக்குள் ஒடிந்து நின்று ஒரு வாரம் கழித்தும் மெல்லக் கசியும். ஒரே டயரில் மட்டும் வாரம் 3, 4 பி.எஸ்.ஐ. குறைந்தால் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேடச் சொல்லுங்கள்.

வளைவில் கார் ஆடுமா? மழையில் பிடிமானம் குறையுமா?

ஸ்டியரிங் திருப்பியதும் முன்பு போலச் சட்டென்று பாயாது, அரை நொடி யோசித்துத் திரும்புவது போல இருக்கும். காய்ந்த சாலையில் வேகமான வளைவுகளிலும் அவசர பிரேக்கிலும் அகல டயருக்கு இருந்த பிடி கொஞ்சம் குறையும். திருச்சி சாலையில் 120-ல் போகிறவர் என்றால் யோசித்துச் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய நீரை அகலம் குறைந்த டயர் நன்றாகவே கிழித்துக்கொண்டு போகும், பட்டையில் காடி ஆழம் இருக்கும்வரை. சட்டம் கேட்பது குறைந்தது 1.6 மி.மீ. 3 மி.மீ. வந்ததுமே மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிடுவது நல்லது.

நான்கையும் மாற்ற வேண்டுமா? சட்டச் சிக்கல் உண்டா?

நான்கையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். முன்னும் பின்னும் வேறு வேறு அளவாக இருந்தால், பிரேக் பிடிக்கும்போது வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். குழம்பும். வீலுக்குள் காற்றழுத்த சென்சார் இருந்தால் புதிய ரிம்முக்கு மாற்றி மாட்டச் சொல்லுங்கள், பிறகு அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. உங்கள் மாடலின் இன்னொரு வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுத்த அளவுக்குள் நின்றால் கவலை குறைவு. அந்த அளவு அச்சிட்ட மேனுவல் பக்கத்தைக் காரிலேயே வைத்திருங்கள், காப்பீட்டுக் கம்பெனிக்கும் எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

ஊர் வீட்டில் மாதக்கணக்கில் நிற்கும் காருக்குப் புது டயர் போடலாமா?

போடும் முன் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். சைடுவாலில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட டயரைப் புதிய விலைக்கு வாங்க வேண்டாம். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வரும் காரில் பட்டை தேயாமலே ரப்பர் காய்ந்து வெடிப்பு விடும். ஐந்து வருடம் ஆனதும் ஆண்டுக்கொரு முறை கடையில் காட்டுங்கள்.

நிற்கும் காலத்தில் 3, 4 பி.எஸ்.ஐ. கூடுதலாக வைத்து, வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லி இரண்டு வாரத்துக்கொரு முறை டயர் அரைச் சுற்று உருளும் அளவுக்குக் காரை முன்னே நகர்த்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தரையில் பட்ட இடம் தட்டையாகி, எடுத்த முதல் சில கிலோமீட்டர் தடதடவென்று அடிக்கும். ஊருக்கு வந்ததும் காற்றைப் பழைய அளவுக்கு இறக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

ஸ்கூட்டருக்கும் சின்ன வீல் நல்லதா?

இல்லை. அங்கே விஷயம் தலைகீழ். ஸ்கூட்டரில் ரிம் குறைந்தால் மொத்த வட்டமும் குறைந்துவிடும், சின்ன வட்டம் குழிக்குள் இறங்கிவிடும். ஆக்டிவாவின் முன் வீல் முன்பு 10 அங்குலமாக இருந்தது, 6ஜி-யில் 12 ஆனது. செம்மண் பாதையில் போவதற்கு முன் வீல் 12 அங்குலம் உள்ள ஸ்கூட்டரையே தேர்ந்தெடுங்கள்.

கழற்றிய அலாய்களை என்ன செய்வது?

நன்றாக இருந்தால் விற்கலாம். புது ரிம் செலவில் ஒரு பங்கு அதிலேயே வந்துவிடும். விற்கும் முன் உள்பக்கத்தைக் கழுவி, ஸ்போக் சேரும் இடங்களிலும் உள் விளிம்பிலும் தலைமுடி போன்ற கோடு தெரிகிறதா என்று வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கோடு இருந்தால் யாருக்கும் விற்காமல் பழைய இரும்புக் கடையில் அலுமினிய விலைக்குப் போட்டுவிடுங்கள். வைத்துக்கொள்வதாக இருந்தால் அதன் நட்டுகளை ஒரு துணிப்பையில் கட்டி அந்த ரிம்மிலேயே தொங்கவிடுங்கள்.